பதினான்காம் விதி

எனக்குப் பொறுமை கிடையாது என்பது எங்கள் வீட்டில் ஜாதகம் பார்க்காமலேயே தெரிந்த விஷயம். குக்கர் விசில் அடங்குவதற்குள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆவடிக்குப் போகும் பஸ் கொஞ்சம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். நான் இரண்டு நிறுத்தம் தாண்டி வியர்த்து வழிந்துகொண்டு போகும்போது அதே பஸ் என்னைக் கடந்து போகும், அதில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டிக்கொண்டு போவாள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு வரவேண்டிய பொறுமையையும் சேர்த்து அவளே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள்.

அந்த அவசர புத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, என் பதினோராவது வயதில், முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவில் ஏறக்குறைய ஒரு வருஷம் ராஜ்ஜியம் நடத்தினேன். இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்னுடைய படை முழுக்க முழுக்கக் குட்டிப் பூதங்களால் ஆனது.

பள்ளிக்கு எதிரே இருந்த ஸ்டேஷனரி கடையில் அப்போது பூதக் கார்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். உறையின்மேல் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் இருந்தது. அதைப் படிக்கிற சிரமம் எதற்கு என்று நாங்கள் பூதக் கார்டு என்றே சொன்னோம். ஒரு பாக்கெட்டில் ஐந்து கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பூதம், மூலைகளில் சில எண்கள். எப்படி விளையாடுவது என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்துத் திருப்பிப் பார்ப்போம். யாருடைய எண் பெரிதோ அவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். எதிர்வீட்டு அண்ணனின் அப்பா மணல் லாரி வைத்திருந்தார். அவனிடம் ஆறு தலை, எட்டுக் கை என்று பெரிய பெரிய பூதங்கள் சேர்ந்துபோயின. எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பாக்கெட் வாங்கித் தருவதென்றால் பரீட்சை முடிய வேண்டும், இல்லை எனக்குக் காய்ச்சல் வர வேண்டும். வந்த பாக்கெட்டிலும் எலி மாதிரி, பல்லி மாதிரிப் பூதங்கள்தான் இருக்கும். தினமும் தோற்றுவிட்டு வந்து தினமும் அழுவேன். என் அழுகைக்கும் பொறுமை கிடையாது, வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு அக்கா எழுந்து வருவாள்.

இந்த நிலையில் சித்தப்பாவுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது வாங்கி வந்தார். அம்மாவுக்குப் புடவை. அக்காவுக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதி, ஏனென்றால் அவள் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் ஆங்கில வழிக்கு மாறி, தினமும் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பூதக் கார்டுப் பெட்டி. பாக்கெட் இல்லை, பெட்டி! தெருவே திரண்டு வந்து பார்த்தது.

பெட்டிக்குள் முப்பது கார்டுகள் இருந்தன. அதில் ஏழு தலைப் பூதம் ஒன்று. மிச்சமெல்லாம் எனக்கு ஏற்கெனவே பழக்கமான எலியும் பல்லியும். கார்டுகளுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. விளையாட்டின் உண்மையான விதிகள் அதில்தான் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புது அகராதியோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டில், மணி மணியான கையெழுத்தில், இருபத்திரண்டு விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த நோட்டுத்தான் எங்கள் தெருவின் சட்டப் புத்தகம். ஏதாவது தகராறு வந்தால் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்று கூப்பிடுவார்கள். அக்கா கையில் தோசைக் கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொன்னதை எதிர்த்து யாரும் பேசியதில்லை, எதிர்வீட்டு அண்ணன் உட்பட.

விதிகள் சிக்கலானவை அல்ல. ஆளுக்கு முப்பது கார்டு கொண்ட ஒரு கட்டு, இருபது உயிர். ஆரம்பத்தில் கையில் ஐந்து கார்டு. ஒவ்வொரு சுற்றிலும் கட்டிலிருந்து ஒன்று எடுக்கலாம். முதல் சுற்றில் செலவழிக்க ஒரு கல், இரண்டாவதில் இரண்டு கல், மூன்றாவதில் மூன்று என்று கல் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பூதத்தையும் களத்தில் இறக்க எத்தனை கல் வேண்டும் என்று அதன் தலைமேல் எழுதியிருக்கும். கீழே இரண்டு எண்கள்: எத்தனை உயிரை அடிக்கும் என்பது ஒன்று, எத்தனை அடி தாங்கும் என்பது இன்னொன்று. எதிராளியின் பூதம் குறுக்கே நின்று தடுக்காவிட்டால் அடி நேராக அவன் உயிரில் விழும். இருபது உயிரும் போனால் ஆட்டம் முடிந்தது. தோற்றவன், ஜெயித்தவர் கேட்கிற ஒரு கார்டைக் கொடுத்துவிட வேண்டும். இது மட்டும் தாளில் இல்லாதது, எங்கள் தெரு வழக்கம்.

பதினான்காம் விதி இப்படி இருந்தது: ‘இறக்கிய பூதம் இறக்கிய சுற்றிலேயே அடிக்கலாம்.’

தெருவில் இருந்த பையன்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். ஆறு கல், ஏழு கல் பூதங்களால் கட்டை நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஆறாவது சுற்று வரை களம் காலியாகக் கிடக்கும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ‘வரட்டும், வரட்டும்’ என்று உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதே கால் அரிக்கும். என் ஏழு தலைப் பூதத்துக்காக ஏழு சுற்று காத்திருப்பதை நினைத்தாலே எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். அந்த எரிச்சலில்தான் ஒரு நாள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

எலிப் பூதத்துக்கு ஒரு கல் போதும். அது இரண்டு உயிர் அடிக்கும். முதல் சுற்றில் ஓர் எலி: இரண்டு. இரண்டாவது சுற்றில் இன்னும் இரண்டு எலி இறக்கலாம், ஆக மூன்று எலி: ஆறு. மூன்றாவது சுற்றில் இன்னும் மூன்று, ஆக ஆறு எலி: பன்னிரண்டு. இரண்டு, ஆறு, பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டினேன். இருபது!

எதிராளி தன் பெரிய பூதத்தை நினைத்துக்கொண்டு காலியான களத்தோடு உட்கார்ந்திருக்கும்போதே ஆட்டத்தை முடித்துவிடலாம். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பினேன்.

மறுநாள் ஏழு தலைப் பூதத்தை எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுத்து, அவன் வேண்டாமென்று ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கி வைத்திருந்த ஒன்பது குட்டிப் பூதங்களை வாங்கினேன். அவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. நான் மனசு மாறுவதற்குள் வீட்டுக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு மொட்டை மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். வீட்டைப் போலவே தெருவிலும் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

“டேய், பாப்பாவுக்கு மர கழண்டுகிச்சுடா! ஏழு தலைய குடுத்துட்டு எலிய வாங்கிகினு போவுது!”

நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய பொறுமை அந்த ஒன்றுதான்.

கட்டைச் சேர்ப்பதில் எனக்கு இருந்த கண்டிப்பு வேறு எதிலும் இருந்ததில்லை. ஒரு கல்லுக்கு மேல் கேட்கிற எதற்கும் இடமில்லை. ஒரே கல்தான் என்றாலும் ஓர் உயிர் மட்டும் அடிக்கிறதென்றால் அதற்கும் இடமில்லை. ஓர் ஆமைப் பூதம் இருந்தது, ஒரு கல், மூன்று அடி தாங்கும், ஆனால் ஒன்றுதான் அடிக்கும். பச்சை ஓட்டோடு அழகாக இருக்கும். அதையும் தூக்கி வைத்தேன். இருபத்து நான்கு குட்டிப் பூதங்கள். மிச்சம் ஆறும் தீக்குச்சிக் கார்டு, அது பூதமல்ல, ஒரு கல்லுக்கு நேராக இரண்டு உயிரைச் சுட்டுவிட்டுப் போய்விடும். யாராவது கடைசியில் ஒன்றிரண்டு உயிரோடு தப்பித்து நின்றால் அதற்காக அவை.

எங்கள் ஆட்டக் களம் ரேஷன் கடை வராந்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டியிருக்கும். சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் எதிர்வீட்டு அண்ணன் என்னிடம் தோற்றான். அவன் கையில் என்னுடைய ஏழு தலைப் பூதம் இருந்தது, கையிலேயே இருந்தது. அப்புறம் பால்காரர் வீட்டுப் பையன் தோற்றான். அப்புறம் வரிசையாக எல்லோரும். யாராவது என்னைப் பார்த்து எலிக் கட்டுச் சேர்த்திருந்தால் என் ராஜ்ஜியம் ஒரே வாரத்தில் கவிழ்ந்திருக்கும். ஆனால் பையன்களுக்கு மானம் பெரிது. எலியை வைத்து ஜெயிப்பதைவிடச் சிங்கத்தை வைத்துத் தோற்கலாம் என்று இருந்துவிட்டார்கள். ஜெயித்த ஒவ்வொரு தடவையும் அவர்களிடம் இருப்பதிலேயே பெரிய பூதமாகக் கேட்டு வாங்கினேன். என் கட்டில் சேர்ப்பதற்கில்லை. அப்பாவின் செருப்பு வந்த அட்டைப் பெட்டியில் போட்டு வைத்து, அவ்வப்போது திறந்து பார்ப்பதற்கு.

எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் அந்த வருஷம் ஃபிளாட் கட்டி முடித்திருந்தார்கள். முதல் மாடிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த மாமா அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தார். என் வயதில் ஒரு பையன், இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குச் சாயங்காலம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க அக்காவைக் கேட்டார்கள். அக்கா ஐந்து மணிக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, அகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போகிற மாதிரிப் போவாள். அவள் சம்பாதிக்கப் போன முதல் இடம் அது. அம்மா அதைத் தண்ணி லாரி வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஃபிளாட் பையன் பூதக் கார்டுகளை ஆல்பத்தில் கண்ணாடித் தாளுக்குள் செருகி வைத்திருந்தான். அதைப் பார்த்த கணத்தில் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு கார்டுக்கெல்லாம் ஆட்டம் வேண்டாம், முழுசுக்கு முழுசு ஆடலாம் என்று நானேதான் கேட்டேன். நான் தோற்றால் என் கட்டு முப்பது கார்டும் அவனுக்கு. அவன் தோற்றால் ஆல்பம் எனக்கு. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் உட்கார இடமில்லை. நான் செருப்புப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஆல்பத்துக்குப் பக்கத்தில் என் சொத்தும் தெரியட்டும் என்று. காசு சுண்டியதில் முதல் சுற்று அவனுக்கு விழுந்தது. அவன் ஒன்றும் இறக்கவில்லை. நான் ஓர் எலியை இறக்கி, ‘ரெண்டு அடி’ என்றேன்.

“இப்ப அடிக்க முடியாதுங்களே” என்றான் அவன். “எறக்குன சுத்துல அடிக்கக் கூடாது. அடுத்த சுத்துலதானுங்க அடிக்கோணும்.”

வராந்தா முழுக்கச் சிரித்தது. நான் நோட்டை எடுத்துப் பதினான்காம் விதியைக் காட்டினேன். அவன் மரியாதையாகப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய், எட்டாக மடித்த அதே தாளை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு வரியில் விரலை வைத்து ஆங்கிலத்தில் கடகடவென்று படித்தான். எங்களில் யாருக்கும் புரியவில்லை. புரியாததை நம்ப நாங்களும் தயாராக இல்லை. அக்கா வரட்டும் என்று பால்காரர் வீட்டுப் பையன் ஓடினான்.

அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தவள், ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள். அதே நேரத்தில் ஃபிளாட் பையனின் அம்மாவும் அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். பையன் தாளை நீட்டி, விரலை வைத்த இடத்தைக் காட்டினான். அக்கா வாங்கிப் பார்த்தாள். ஒரே ஒரு வரி. அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் ரொம்ப அதிகம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம் என் மடியில் இருந்த செருப்புப் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் சுற்றி உட்கார்ந்திருந்த பையன்களை.

“அவன் சொல்றதுதான் கரெக்டு” என்றாள். “நான்தான் தப்பா படிச்சு எழுதிட்டேன். இங்கிலீஷ் சரியா புரியல.”

எதிர்வீட்டு அண்ணன் துள்ளி எழுந்தான்.

“அப்ப நாங்க இத்தினி நாளா தோத்ததுலாம் இன்னாத்துக்குக்கா? எங்க கார்டுலாம் அந்தப் பொட்டியிலதான கீது?”

“தப்பு என்னுது. வேணும்னா செஞ்சேன்? நீயும் அதே நோட்டதான் பாத்து ஆடின, அவளும் அதே நோட்டதான் பாத்து ஆடினா. அவளுக்கு மட்டும் தெரியுமா இன்னா?”

அவன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான். ஃபிளாட் பையனின் அம்மா அக்காவின் தோளைத் தொட்டு, ‘பரவால்ல கண்ணு, இங்கிலீஷ் எல்லாருக்கும் கஷ்டந்தான்’ என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அக்கா தலையை ஆட்டிவிட்டு, மிச்சத் துணியைத் துவைக்கப் போய்விட்டாள்.

ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது. எலியை இறக்கிவிட்டு அது அடிக்காமல் சும்மா நிற்பதைப் பார்ப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் இரண்டு அடித்தேன். மூன்றாவதில் ஆறு. அவனுக்கு இன்னும் பன்னிரண்டு உயிர் மிச்சம். களத்தில் என் ஆறு எலிகள், அடுத்த சுற்றில் சரியாகப் பன்னிரண்டு அடிக்கக் காத்துக்கொண்டு நின்றன. ஒரே ஒரு சுற்று. ஆனால் அவன் முதலில் ஆடுகிறவன், நான்காவது சுற்று எனக்கு முன்னால் அவனுக்கு வந்தது. நான்கு கல்லையும் வைத்து ஆலங்கட்டி மழை என்று ஒரு கார்டை இறக்கினான். களத்தில் இருக்கிற எல்லாப் பூதத்துக்கும் ஓர் அடி. என் எலிகள் ஓர் அடிதான் தாங்கும். ஆறும் செத்தன. அவன் ஐந்தாவது சுற்றில் இறக்கிய பூதம் ஆட்டம் முடிகிற வரை களத்தைவிட்டுப் போகவே இல்லை.

என் கட்டை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் கொடுத்தேன். அங்கே அழவில்லை. எங்கள் வீட்டு கேட்டு வரை தாங்கிக்கொண்டு வந்து, கொல்லையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்த அக்காவின் முன்னால் போய் நின்றுகொண்டு, பின்னாலேயே வந்த பையன்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

“இங்கிலீஷ் தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானடி! இன்னாத்துக்குடி நோட்டுல எழுதின? உன்னாலதான் எல்லாம் போச்சு!”

அக்கா பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்ததை எடுத்துப் பிழிந்தாள். அவள் ஒன்றும் சொல்லாதது தப்பை ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, நான் பன்னிரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் ஃபிளாட் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணை ஆவடியில் ஏதோ சென்டரில் சேர்த்துவிட்டார்களாம், இனிமேல் அக்கா வர வேண்டியதில்லையாம். அக்கா சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தாள். அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் நான் தூக்க வேண்டாம் என்பதால் எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. அம்மா மட்டும் தண்ணி லாரி வரிசையில் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தெருப் பையன்கள் அக்காவுக்கு ‘ரூல்ஸ் டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அவள் சைக்கிளில் போகும்போது யாராவது ஒருவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

செருப்புப் பெட்டியில் இருந்த கார்டுகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது ஏன் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அப்புறம் பூதக் கார்டு மோகம் போய்ப் பம்பரம் வந்தது, பம்பரம் போய்ச் செல்போன் வந்தது. அக்கா கல்லூரியில் ஆங்கிலம் எடுத்துப் படித்தாள். இப்போது பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். இது எனக்கு எவ்வளவு பெரிய வேடிக்கையாக இருந்திருக்கும்! அவள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, ரேஷன் கடை வராந்தாக் கதையை முழுசாகச் சொல்லி, ‘பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாத்துக்கோங்க’ என்று முடித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் அந்தக் கதையை யாராவது என்னைச் சொல்லச் சொல்வார்கள், நானும் சலிக்காமல் சொல்வேன்.

போன போகிக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பரணைக் காலி செய்தோம். அம்மா கீழே நின்று சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு சாக்குக்குள் அக்காவின் பழைய புத்தகங்களோடு அந்த அகராதியும் இருந்தது, அட்டை பிய்ந்து, முதல் பக்கத்தில் சித்தப்பாவின் கையெழுத்தோடு. புரட்டியபோது எட்டாக மடித்த தாள் ஒன்று கீழே விழுந்தது. பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, என் பெட்டியில் வந்த தாள்.

முழுவதும் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தாள். கடினமான சொற்களுக்கு அடியில் கோடு, மேலே பொடி எழுத்தில் தமிழில் பொருள். நான் பதினான்காவதைத் தேடினேன். அதற்கு அடியிலும் கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘இறக்கிய சுற்றில் அடிக்கக் கூடாது. அடுத்த சுற்று வரை பொறுக்க வேண்டும்.’ ஒரு பிழை இல்லை.

அதற்குக் கீழே, தாளின் ஓரத்தில், இன்னும் பொடியாக இரண்டு வரிசை எண்கள். முதல் வரிசையில் 0, 2, 6, 12. அதன் குறுக்கே ஒரு கோடு. இரண்டாவது வரிசையில் 2, 6, 12. அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் ‘பாப்பா’ என்று எழுதியிருந்தது.

பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா கீழேயிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நான் காலண்டர் தாளில் கண்டுபிடித்த கணக்கு, நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. தாளின்படி ஆடினால் இருபது உயிரை எடுக்க நான்கு சுற்று, அதற்குள் எதிராளியின் நான்கு கல் கார்டு வந்துவிடும்; மாற்றினால் மூன்றே சுற்று. என்னிடம் இருந்ததெல்லாம் எலியும் பல்லியும்தான். அவற்றை வைத்து நான் ஜெயிக்க வேண்டுமென்றால் எந்த விதியை மாற்ற வேண்டும் என்று தேடிப் பார்த்து, சரியாக அந்த ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறாள். மற்ற இருபத்தொன்றும் தாளில் இருப்பது அப்படியேதான்.

அன்று வராந்தாவில், தெரிந்தே மாற்றினேன் என்று அவள் உண்மையைச் சொல்லியிருந்தால், என் ஒரு வருஷ ஜெயமும் கள்ள ஜெயமாகியிருக்கும். பெட்டியில் இருந்த அத்தனை கார்டும் அங்கேயே பறிபோயிருக்கும். தெருவில் என்னைத் திருடி என்று கூப்பிட்டிருப்பார்கள். தெரியாமல் எழுதிவிட்டேன் என்றால் அது அவளோடு போகும். பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டு நிற்கும்போது, தனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட்டுத் துணி பிழியப் போனாள். அப்போது அவளுக்கு வயது பதினேழு. அந்த ஒரு வரியைப் படிக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் எதற்கென்று எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எத்தனை பந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பரண் காலி செய்ததைச் சொன்னேன்.

“ஒன் பழைய டிக்ஷனரி ஒண்ணு கெடச்சுதுக்கா. வெக்கட்டுமா, பழைய பேப்பர்காரன்கிட்ட போட்ரட்டுமா?”

அந்தப் பக்கம் அவள் வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

“உள்ள எதுனா பேப்பர் கீப்பர் இருந்துச்சாடி?” என்றாள்.

தாள் என் மடியில்தான் இருந்தது. அவள் கேட்ட குரலில் இருந்தது பயம் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்கிற பயம். வாய் வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன்.

“இல்லக்கா. வெறும் புக்குதான்” என்றேன்.

“அப்ப போட்டுடு” என்றாள் அக்கா, நிம்மதியாக. அப்புறம் பொங்கலுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.